வாப்பா வந்துதான் உரிக்கணும்

மேலகரம் ஷமீம் பானுவுக்கு நாற்பத்து நான்கு வயதில் துப்பாக்கி பிடிக்கிற ஆசை வந்தது. துப்பாக்கி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறபடியால் போலீஸ் இதுவரை அவள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. இதெல்லாம் போன வாரம் வரை படித்தவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துக்கொள்ளலாம்.

ஷமீம் பானுவின் கணவர் ஆதமுக்கு சவூதியில், தம்மாம் நகரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவார். மகள் சாஜிதா பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். பக்கத்து வீட்டில் இருந்த கொழுந்தன் மகன் துல்கர்னைன், தன் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறவன். அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்த ஷமீம் பானு ஒருநாள் சும்மா மவுஸைத் தொட்டுப் பார்த்தாள். ஒரே மாதத்தில் அவன் டீ போட்டுக் கொடுக்க, இவள் விளையாடினாள்.

பிறகு துல்கர்னைன் துபாய்க்குப் போனான். போகும்போது கம்ப்யூட்டரை விற்றுவிட்டுப் போனான். கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது ஷமீம் பானுவுக்கு. தையல் காசைச் சேர்த்து, தென்காசியில் கிங்ஸ்லியின் கடையில் உதிரி உதிரியாகச் சாமான்களை வாங்கி, தாயும் மகளுமாகத் தாங்களே ஒன்றைப் பூட்டுவது என்று போன வாரம் இறங்கினார்கள்.

ஆதமுக்கு இதில் ஒன்றும் தெரியாது. "சாஜிதா டேலி கணக்கு படிக்க கம்ப்யூட்டர் வாங்குதோம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். ஏனென்றால் அவர் ஒருமுறை போனில் யாரோ ஒரு பையனைப் பற்றிப் பேசும்போது, "கேம் விளையாடுத வீடு விளங்காது பானு" என்று சொல்லியிருந்தார்.

அந்த ஆதம் இன்றைக்கு வருகிறார்.

ஷமீம் பானுவின் மேட்சும் இன்றைக்குத்தான். ஆன்லைன் போட்டியில் அரை இறுதி, நாலு பெண்கள் சேர்ந்த அணி. நாலு மணிக்கு நாலு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே விளையாட்டுக்குள் இருக்க வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் அணி போட்டியை விட்டே வெளியே. ஆதமின் விமானம் தாமதம், வீடு வந்து சேர சாயங்காலம் ஐந்தரை ஆகும் என்று செய்தி வந்திருந்தது. மேட்சை முடித்து, கம்ப்யூட்டரை மூடி, முகம் கழுவி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாசலில் நிற்க நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

கணக்கெல்லாம் சரிதான். கம்ப்யூட்டர்தான் அணைந்து அணைந்து போனது.

"அணைஞ்சிட்டு," என்றாள் சாஜிதா.

"எனக்கும் கண்ணு இருக்கு," என்றாள் தாய்.

இன்றைக்கு இது மூன்றாவது தடவை. கையில் எடுத்தால் சின்ன அரிசி டின் அளவுக்குத்தான் இருந்தது அந்தப் பெட்டி. அவ்வளவு சிறிதாக வேண்டும் என்று தேடி வாங்கியதே தையல் மிஷினின் மர மூடிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக. தனியாக ஸ்கிரீன் வாங்கவில்லை. ஹாலில் இருக்கிற டி.வி.யிலேயே வயரைச் சொருகியாகிவிட்டது. விளையாடும்போது மூடியைத் திறப்பது, ஆள் வந்தால் கவிழ்ப்பது. கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

பூட்டியதிலும் குறை சொல்ல முடியாது. வீடியோவில் வந்த பையன் எதைச் சொன்னானோ அதையே செய்தார்கள். உடம்பில் இருக்கிற கரண்ட் சாமானைக் கெடுத்துவிடும், அடிக்கடி இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள் என்றான். ஷமீம் பானு ஒவ்வொரு திருகுக்கும் எழுந்துபோய் பீரோவைத் தொட்டுவிட்டு வந்தாள். பிராசஸருக்கு மேலே பட்டாணி அளவு பசை வைக்க வேண்டும் என்றான். அடுக்களையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தே பசையைப் பிதுக்கினாள். அந்தப் பசைக்கு மேல் உட்காருகிற கூலரையும், சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற அந்தச் சின்ன ஃபேனையும், அவளேதான் மாட்டினாள். சாஜிதா டார்ச் அடித்தாள்.

முதல் தடவை உயிர் வந்து, ஃபேனில் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தபோது, "கல்யாண வீடு மாதிரில்லா இருக்கு" என்று தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"டேலிக்கு எதுக்கு கலர் லைட்டுன்னு வாப்பா கேட்டா?" என்றாள் சாஜிதா.

"வரவுக்குப் பச்சை, செலவுக்குச் சிவப்புன்னு சொல்லிருவோம்."

ஆனால் விளையாட்டைத் திறந்தால் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. சூடு ஏறுகிறது, பெட்டி தானாகவே அணைந்துவிடுகிறது. மர மூடிதான் காரணம் என்று அதைத் தூக்கி மூலையில் வைத்தார்கள். அணைந்தது. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். அப்போதும் அணைந்தது. நெட்டில் தேடினால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு காரணமும் புதிதாக ஒரு சாமான் வாங்கச் சொன்னது.

"கிங்ஸ்லி அண்ணாச்சிக்குப் போடு," என்றாள் ஷமீம் பானு.

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன். எடுக்க மாட்டேங்காரு."

"கடையில இல்லையா?"

சாஜிதா போனைத் திருப்பிக் காட்டினாள். கிங்ஸ்லி காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டிருந்தார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், பின்னால் வெள்ளையாகத் தண்ணீர். கீழே, 'ஐந்தருவியில் ஆனந்தக் குளியல்.'

"சவம், இன்னைக்குப் பாத்துதானா குளிக்கணும்," என்றாள் ஷமீம் பானு. "ஏட்டி, ஸ்கூட்டிய எடு. ஐந்தருவி என்ன, பத்து நிமிஷம். போய் ஆளப் பிடிச்சிட்டு வா."

"குளிச்சிட்டிருக்க ஆம்பளைய எங்கன உம்மா போய்ப் பிடிக்க?"

"நான் இல்லைன்னா அந்த மூணு பிள்ளையளும் வெளிய போயிரும் சாஜிதா." குரல் கொஞ்சம் உடைந்தது. "இவ்வளவு காலத்துல எனக்குன்னு நான் எதையாவது கேட்டிருக்கேனா? இந்த ஒரு மேட்ச்தான்."

அது உண்மை. சாஜிதா பர்தாவுக்கு மேலே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

*

சீசன் நன்றாக இறங்கியிருந்தது. சாரல் நின்று நின்று அடித்தது. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் வேன்களும் கார்களும் மூக்கும் வாலும் இடிக்க நின்றன. சாஜிதா சிப்ஸ் கடைக்கும் மங்குஸ்தான் பழத் தட்டுக்கும் நடுவில் ஸ்கூட்டியைச் சொருகிவிட்டு நடந்தாள்.

ஆண்கள் குளிக்கிற பக்கம் கம்பிக்கு அப்பால் இருந்தது. அவளால் போக முடியாது. எட்டிப் பார்த்தாலும் பயனில்லை. எல்லோரும் துண்டு கட்டி, எண்ணெய் பூசி, முடி நெற்றியில் ஒட்டி நின்றார்கள். அந்தக் கோலத்தில் கலெக்டர் யார், கம்ப்யூட்டர் கடைக்காரர் யார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அறிவிப்பு மைக் இருந்த கூண்டில் உமாராணி என்று பெயர் குத்திய பெண் போலீஸ் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாஜிதா அவரிடம் போனாள்.

"அக்கா, ஒருத்தரக் கூப்பிடணும்."

"பிள்ளையத் தொலச்சிட்டியா? என்ன வயசு?"

"பிள்ளை இல்ல. முப்பது வயசு ஆளு."

"முப்பது வயசு ஆளு தொலஞ்சா தொலஞ்சிட்டுப் போட்டும்னு விடும்மா. பாவம், நிம்மதியாக் குளிக்கட்டும்."

அவசரம் என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்றார் உமாராணி. சாஜிதாவுக்குப் பொய் யோசிக்க நேரமில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"உங்க உம்மாவா விளையாடுதாவ?"

"ஆமாக்கா."

"அவிய வயசு என்ன?"

"நாப்பத்தி நாலு."

உமாராணி தொப்பியைச் சரி செய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். அன்றைக்குக் காலையிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் ஒரு பல்செட்டையும் கண்டுபிடித்துக் கொடுத்த மைக்கைக் கையில் எடுத்தார்.

"தென்காசி கம்ப்யூட்டர் கடை கிங்ஸ்லி, தென்காசி கம்ப்யூட்டர் கடை கிங்ஸ்லி, எங்கிருந்தாலும் உடனடியாக மைக் பக்கம் வரவும். மேலகரம் ஷமீம் பானு அவர்களுக்கு நாலு மணிக்கு மேட்ச் இருக்கிறது. அவர்களுடைய கம்ப்யூட்டர் சூடாகி அணைந்துபோகிறது. வயது நாற்பத்தி நாலு."

கடைசி விவரம் தேவையே இல்லை. காணாமல் போனவர்களின் வயதைச் சொல்லிப் பழகிய வாய், அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

ஐந்து கிளை அருவியும் கொஞ்ச நேரம் சத்தத்தைக் குறைத்த மாதிரி இருந்தது. பிறகு கூட்டத்துக்குள்ளிருந்து எண்ணெய் மினுமினுக்கும் ஓர் உருவம் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது.

"ஏம்மா, என் மானத்த வாங்குதிய. மாமனார் வீட்டாளுக எல்லாம் நிக்காவ," என்றார் கிங்ஸ்லி.

"அண்ணாச்சி, சூடாகி அணைஞ்சி போகுது."

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"பசை வச்சியளா?"

"பட்டாணி வச்சு அளந்து வச்சோம்."

கிங்ஸ்லி தாடையிலிருந்து எண்ணெயை வழித்து உதறினார். "கூலருக்கு அடியில, செம்புத் தகட்டு மேல, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உரிச்சிட்டுத்தான மாட்டுனிய?"

 சாஜிதாவின் கண்ணுக்கு முன்னால் அவர்கள் வீட்டு பிரிஜ் வந்து நின்றது.

அந்த வீட்டுக்குள் புதிதாக நுழைகிறவர்கள், நேற்றுத்தான் பால் காய்ச்சியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். பிரிஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருக்கும். வாஷிங் மிஷின், மைக்ரோவேவ், டி.வி.யின் ஓரம், கடிகாரத்தின் முகம் எல்லாம் தாளோடுதான். கஞ்சத்தனம் இல்லை. ஒருத்தர் அங்கே கிடந்து உழைக்க, மற்றவர்கள் இங்கே புதுசை அனுபவிப்பது நியாயமில்லை என்று கல்யாணமான புதிதிலேயே ஷமீம் பானுவுக்குத் தோன்றியிருந்தது. அதனால் எந்தப் பொருள் வாங்கினாலும் தாளை உரிக்கிற உரிமை ஆதமுக்கு. ஆதமும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு லீவுக்கு ஒரு பொருள்தான் உரிப்பார். மிச்சம் அடுத்த தடவை வரும்போது என்று வைத்துவிட்டுப் போவார். சின்ன வயதில் சாஜிதா ஒருமுறை கடிகாரத்தில் நகத்தை வைத்தபோது, "வாப்பா வந்துதான் உரிக்கணும்" என்று புறங்கையில் ஓர் அடி விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாப்பாவைத் தவிர யாரும் எதையும் உரித்ததில்லை.

"கூலர மாட்டுனது உம்மா," என்றாள் சாஜிதா மெதுவாக.

"அக்கா உரிச்சிருப்பாவல்லா?"

"உரிச்சிருக்காது அண்ணாச்சி."

கிங்ஸ்லி தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் தெறித்தது. "கழத்தி, தாள உரிச்சு, பழைய பசையத் துடைச்சிட்டு, புதுசா வச்சு மாட்டுங்க. ஓடும். என்ன விடும்மா, நான் போய்க் குளிக்கேன்."

சாஜிதா நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரும்பிய இடத்தில் அவள் வாப்பா நின்றிருந்தார்.

விமானம் தாமதமே இல்லை. வீட்டில் இருப்பவர்களை அசத்தலாம் என்று ஆதம் சொன்ன பொய் அது. செங்கோட்டை தாண்டி, தென்காசி நெரிசலுக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்த கார், ஐந்தருவி நெரிசலில் மாட்டிக்கொண்டது. கண்ணாடியை இறக்கி வைத்து இரண்டு வருஷமாகக் காணாத சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான், ஒலிபெருக்கியில் அவர் சம்சாரத்தின் பெயரும் வயதும் வந்தன. "நம்ம பானுல்லா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி," என்று டிரைவர் மரியாதையாகக் கேட்டிருந்தார், "உங்க வீட்டுல கபடி ஆடுவாவளா?"

ஆதம் மகளைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிற மகள். கட்டிப்பிடிக்க வேண்டிய நேரம்.

"என்ன மேட்ச்சுட்டி?" என்றார்.

*

வாசலில் கார் சத்தமும் பின்னாலேயே ஸ்கூட்டி சத்தமும் கேட்டதும் ஷமீம் பானு மர மூடியைக் கவிழ்த்துவிட்டு, கையில் அகப்பட்ட துணியை எடுத்து ஊசியில் நூல் கோக்கிற மாதிரி உட்கார்ந்தாள். மணி மூன்றேகால். உள்ளே வந்த கணவரைப் பார்த்ததும் எழுந்து சிரித்தாள், மர மூடியை உடம்பால் மறைத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார் ஆதம்.

"வ அலைக்கும் ஸலாம். வாங்க மச்சான். அஞ்சரை ஆகும்னிய?"

"சீக்கிரமா வந்துட்டேன். கம்ப்யூட்டர் எங்க?"

"அது இங்கனதான் இருக்கு. சாஜிதா டேலி படிக்கதுக்கு."

"டேலி எத்தன மணிக்கு மேட்ச்?"

ஷமீம் பானு மகளைப் பார்த்தாள். சாஜிதா கூரையைப் பார்த்தாள்.

ஐந்தருவியிலிருந்து மேலகரம் வரைக்கும் ஆதம் காரில் கோபத்தைச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தார். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தார். பொய் ஏன் சொன்னாய் என்பது முதல் கேள்வி. ஊர் முழுக்க மைக்கில் உன் பெயர் வருகிறதே என்பது இரண்டாவது. ஆனால் மர மூடியைத் தூக்கியதும் அந்தச் சின்னப் பெட்டியையும், அதற்குள் ஒழுங்காக மடித்துக் கட்டிய வயர்களையும் பார்த்தார். தையல்காரி கட்டிய கட்டு, ஒரு பிசிறு இல்லை.

"யாரு பூட்டுனா?"

"நாங்கதான்."

"அடியில உள்ள தாள உரிச்சியா?"

"எந்தத் தாள?"

"கூலர்ல. கடைக்காரன் சொன்னானாம்."

"அதெப்படி உரிப்பேன்?" என்றாள் ஷமீம் பானு. இதென்ன கேள்வி என்கிற மாதிரி இருந்தது அவள் பார்வை. "நீங்க வரலையே."

ஆதமுக்கு அந்த வரிசை மறந்துபோனது. முதல் கேள்வியும் இல்லை, இரண்டாவதும் இல்லை. கைலிக்குக்கூட மாறாமல், பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்தார். "கழத்துங்க," என்றார்.

சாஜிதா திருகுகளைக் கழற்றி ஊறுகாய்க் கிண்ணத்தில் போட்டாள். கூலரைத் தூக்கியதும் அடியில் அந்தத் தாள் இருந்தது. பட்டாணிப் பசை அதன் மேலே அப்பளமாக நசுங்கியிருந்தது. சூடு தாண்டிப் போக வழியில்லாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இதைத்தான் இரண்டு நாளாகத் தேடினார்கள்.

"பிஸ்மில்லா," என்று ஷமீம் பானு கூலரை இரண்டு கையாலும் கணவரிடம் நீட்டினாள்.

ஆதம் ஓரத்தில் நகத்தை வைத்து, அவசரமில்லாமல், ஒரே இழுப்பில் உரித்தார். செம்பு பளபளவென்று வெளியே வந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் பீரோ தட்டில் பாதி இருந்தது. அதைத் தொட்டு பழைய பசையைத் துடைத்தாள் சாஜிதா. பசைக் குழாயைக் கடைசிவரை பிதுக்கியதில் ஒரு பட்டாணி தேறியது. அவள் திருகிக்கொண்டிருக்கையில் சர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. ஷமீம் பானு திரும்பினாள். ஆதம் பிரிஜ் கதவிலிருந்த தாளை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு லீவுக்கு ஒண்ணுதான உரிப்பிய?"

"கை அரிக்கி," என்றார் ஆதம். அடுத்து வாஷிங் மிஷினிடம் போனார்.

ஷமீம் பானுவுக்கு அதை யோசிக்க நேரமில்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பெட்டி எரிந்தது. சாஜிதா சூடு காட்டுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.

"நிக்கு உம்மா. போ, விளையாடு."

ஷமீம் பானு ஹெட்செட்டை முக்காட்டுக்கு மேலே மாட்டினாள். காதில் அணித்தலைவி ஜுஹைனாவின் குரல் வந்தது. திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. "பானுக்கா, வந்துட்டியளா? பயந்தே போயிட்டேன்."

"நான் வராம இருப்பேனா," என்றாள் ஷமீம் பானு.

ஆதம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இதுல நீ எது?"

"துப்பாக்கி வச்சிருக்கது."

"எல்லாவனும்தான் வச்சிருக்கான்."

"வாப்பா, பேசாதிய," என்றாள் சாஜிதா.

பிறகு நடந்ததை ஆதம் வாழ்நாளில் மறக்க மாட்டார். ஷமீம் பானு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது. "ஏட்டி ஜுஹைனா, இடப்பக்கம் போவாத, சுவருக்குப் பின்னால ஒருத்தன் பதுங்குதான். ரெண்டு பேரு என் பின்னால வாங்க. இப்ப வேண்டாம். பொறு. பொறு. இப்பப் போ." மூன்று படித்த பிள்ளைகள் அவள் சொன்னதைக் கேட்டு ஓடின, நின்றன, சுட்டன.

இருபத்திரண்டு வருஷமாக ஆதம் போனில் கேட்ட பானு வேறு. "நல்லா இருக்கோம், நீங்க சாப்பிட்டியளா, உடம்பப் பாத்துக்கிடுங்க." அவ்வளவுதான் அந்தக் குரல். தன் வீட்டுக்குள் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், தனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

எதிரணியின் கடைசி ஆள் விழுந்தபோது சாஜிதா நாற்காலியில் ஏறிக் குதித்தாள். ஷமீம் பானுவின் காதுக்குள் மூன்று பெண்களும் கத்தினார்கள். பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை.

"பானுக்கா, ஜெயிச்சாச்சு," என்றாள் ஜுஹைனா மூச்சு வாங்க. "ஃபைனல் கொச்சியில. நேர்லயே போகணும். ரெண்டு மாசம் கழிச்சு. வருவியள்லா?"

ஷமீம் பானு மைக்கை அணைத்தாள். சந்தோஷத்தில் மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. கொச்சியை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"என்னவாம்?" என்றார் ஆதம்.

"ஃபைனலாம். கொச்சிக்கு வரச் சொல்லுதா. ரெண்டு மாசம் கழிச்சு." மவுஸை நகர்த்தி ஓரமாக வைத்தாள். "வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லிருதேன். அதுக்குள்ள நீங்க தம்மாம் போயிருப்பிய. ரெண்டு பொம்பளைய தனியா எங்கன போக?"

ஆதம் மகளைப் பார்த்து, "டீ போட்டுக் கொண்டா தாயி" என்றார். சாஜிதா அடுக்களைக்குள் போகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு நாற்காலியை மனைவி பக்கமாக நகர்த்திப் போட்டார்.

"வேற ஆளு வேண்டாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"லீவு?"

"லீவு இல்ல பானு. கிடங்க மூடிட்டாவ. எல்லாரையும் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாவ." குரல் தணிந்தது. "போன மாசமே தெரியும். போன்ல எப்படிச் சொல்லன்னு தெரியல. நல்லா இருக்கேன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். உன்ட்டதான் முதல்ல சொல்லுதேன்."

ஷமீம் பானு பிரிஜைப் பார்த்தாள். வாஷிங் மிஷினைப் பார்த்தாள். இரண்டும் உரித்த கோழி மாதிரி நின்றன. அவளுக்கு அழுகை வரவில்லை. சாஜிதாவின் கல்யாணம், வீட்டுச் செலவு, வடகரையில் இருக்கிற சொந்தக்காரர்களின் வாய் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், இந்த மனிதர் இனி இங்கேயே இருப்பார் என்கிற நினைப்பும் வந்தது. அதை அந்த நேரத்தில் சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது சந்தோஷம்தான்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சா விடியறதுக்குள்ள சேதி கடையம் வரைக்கும் போயிரும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வடகரையிலிருந்து ஆதமின் அக்கா ரஹ்மத்துன்னிசா இறங்குகிற சத்தம் கேட்டது. வழக்கம்போல முதல் கேள்வியை ஆட்டோவிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார். "ஏலே ஆதம், வந்துட்டியா? எத்தன நாளு லீவுலே?"

ஆதமின் முகம் வெளிறியது. அவர் நல்ல மனிதர். தம்மாமிலிருந்து போனில் என்ன வேண்டுமானாலும் சொல்வார். முகத்துக்கு நேரே அக்காவிடம் ஒரு பொய்கூட இதுவரை நின்றதில்லை.

ஷமீம் பானு முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தாள்.

"நீங்க வாயத் திறக்காதிய," என்றாள். சற்று முன் மூன்று பிள்ளைகளை ஓட வைத்த அதே குரல். "லீவ நீட்டியிருக்காவன்னு நான் சொல்லிக்கிடுதேன். கொச்சிக்குப் போயிட்டு வந்து மத்தத யோசிப்போம்."

இத்தனை வருஷமாக அவரவர் பொய்யை அவரவர் தனியாகத்தான் சொல்லி வந்தார்கள், அவர் கடலுக்கு அந்தப் பக்கமிருந்தும் அவள் இந்தப் பக்கமிருந்தும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் நின்றுகொண்டு சேர்ந்து ஒரு பொய் சொல்லப் போவது இதுதான் முதல் தடவை. ஆதம் தலையை ஆட்டினார். ஷமீம் பானு போய்க் கதவைத் திறந்தாள்.